பங்க் இசையில் பெண்ணியமும் பால்புதுமை அரசியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரயட் கேர்ள் என்பது பங்க் இசைக்குள் எழுந்த பெண்ணிய இயக்கம், குயர்கோர் என்பது அதற்குள் எழுந்த பால்புதுமையரின் (குயர்) இயக்கம். இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டு, "இவர்கள் உண்மையில் என்னதான் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. பெரும்பாலும் 1985க்கும் 1997க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தவற்றைப் பேசுகிறோம். செய்முறைகள் பழையவைதான், ஆனால் இன்றும் அப்படியே கைகொடுக்கும்.

பங்க் என்பதே கலக இசைதானே? அதற்குள் தனியாக ஒரு கலகம் ஏன் தேவைப்பட்டது?

தொடக்கத்தில் பெண்களுக்கு இடம் இருந்தது. 1977இல் லண்டனில் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவின் முன்னால் நின்று பாடியவர் பாலி ஸ்டைரின். சோமாலியத் தந்தைக்கும் ஸ்காட்டிஷ்-ஐரிஷ் வம்சாவளித் தாய்க்கும் பிறந்தவர், பல்லில் கம்பியோடு மேடையேறியவர். தி ஸ்லிட்ஸ், தி ரெயின்கோட்ஸ் என்று பெண்களின் குழுக்கள் இருந்தன. லாஸ் ஏஞ்சலஸில் தி பேக்ஸ் குழுவில் அலிஸ் பேக் பாடினார்.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஹார்ட்கோர் என்ற வேகமான வகை பரவியதும் நிலைமை மாறியது. மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் மோதித் தள்ளி ஆடும் ஆட்டம் வழக்கமானது. அந்த வட்டத்துக்குள் யார் முழங்கையும் யார் முகத்திலும் படலாம். இடுப்பில் ஒரு கை பட்டால் அது தற்செயலா, வேண்டுமென்றா என்று கேட்கவும் வழியில்லை. பெண்கள் மெல்லச் சுவரோரம் ஒதுங்கி, உள்ளே ஆடப்போன ஆண்களின் மேல்கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தன்பாலீர்ப்பாளர்களை இழிக்கும் சொற்கள் பாட்டிலும் பேச்சிலும் சாதாரணமாகப் புழங்கின. அரசையும் போலீஸையும் எதிர்த்துப் பாடிய அதே அறையில்தான் இவை நடந்தன. அதனால்தான் கோபம் அவ்வளவு ஆழமாக இருந்தது.

ரயட் கேர்ளும் குயர்கோரும் ஒன்றா?

இல்லை, ஆனால் பக்கத்து வீடுகள். மூத்தது குயர்கோர். டொராண்டோவில் ஜி.பி. ஜோன்ஸும் புரூஸ் லாபுரூஸும் 1985இல் ஜே.டி.ஸ் என்ற கையால் செய்த நகல் இதழைத் தொடங்கினார்கள். 1991 வரை 8 இதழ்கள் வந்தன. டொராண்டோவில் ஒரு பெரிய பால்புதுமைப் பங்க் கூட்டமே இருப்பதுபோல எழுதினார்கள். உண்மையில் இருந்தது கைவிரல் விட்டு எண்ணக்கூடிய நண்பர்கள்தான். ஆனால் இதழைப் படித்தவர்கள் தத்தம் ஊரிலிருந்து கடிதம் எழுதினார்கள், தாங்களும் இதழ் தொடங்கினார்கள். எழுதியது பிறகு நிஜமானது. சான் பிரான்சிஸ்கோவில் டாம் ஜென்னிங்ஸும் டெக் நிஹில்சனும் 1988இல் தொடங்கிய ஹோமோகோர் அப்படி வந்ததுதான். இந்த ஜென்னிங்ஸ்தான் 1984இல் ஃபிடோநெட் என்ற கணினி அஞ்சல் வலையை உருவாக்கியவர். தொலைவில் இருப்பவர்களை இணைப்பதிலேயே அவர் நாட்டம் இருந்தது.

ரயட் கேர்ள் 1991இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்கும் இடையே பிறந்தது. இரண்டு இயக்கங்களிலும் காலூன்றியவர்கள் பலர். டீம் டிரெஷ் குழு அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஒலிம்பியாவும் போர்ட்லாந்தும் அவர்களின் களம், வெளிப்படையான லெஸ்பியன் குழு, மேடையிலேயே பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சியும் காட்டினார்கள். 1995இல் கேண்டி ஆஸ் நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீ டு ஃபைட் தொகுப்பில் பாட்டுகளுக்கு நடுவே தற்காப்புப் பாடங்களும் கூடவே ஒரு கையேடும் இருந்தன. கையைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது என்று இசைத்தட்டு சொல்லிக்கொடுத்தது.

ரயட் கேர்ள் என்ற பெயர் எப்படி வந்தது?

1991 மே மாதம் தலைநகரின் மவுண்ட் பிளசன்ட் பகுதியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. நமக்கும் ஒரு பெண்கள் கலவரம் வேண்டும் என்ற பேச்சு தோழிகளின் கடிதங்களில் வந்தது. அந்தக் கோடையில் பிராட்மொபைல் குழுவின் அலிசன் வுல்ஃபும் மாலி நியூமனும் மற்றவர்களோடு சேர்ந்து அந்தப் பெயரில் சிறு இதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கேர்ள் என்ற ஆங்கிலச் சொல்லின் நடுவில் உறுமல் கேட்கும்படி ர் எழுத்தை மூன்றாக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று ஒலிம்பியாவில் கே ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் நடத்திய ஆறுநாள் இசைக்கூடலின் முதல் இரவு முழுக்கப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பலர் அன்றுதான் முதன்முதலாக மேடை ஏறினார்கள். பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹன்னா, டோபி வேய்ல் ஆகியோரின் எழுத்தும் பாட்டும் இதற்கு உந்துவிசை.

ஒரு இதழ் செய்ய என்னென்ன வேண்டும்?

ஃபேன்ஸீன், சுருக்கமாக ஸீன் என்பார்கள். இங்கே இதழ் என்றே எழுதுகிறோம். ஏ4 தாள், கத்தரி, பசைக்குச்சி, கறுப்புப் பேனா, வெள்ளைத் திருத்த மை, ஸ்டேப்ளர், ஒரு நகல் கடை. இவ்வளவுதான்.

ஏ4 தாளைக் குறுக்கே மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். ஆகவே மொத்தப் பக்கம் எப்போதும் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்க இதழுக்கு 4 தாள். பக்கங்களை வரிசையாக ஒட்டினால் மடித்தபின் எல்லாம் குழம்பிவிடும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. கணக்கு எளிது: ஒரு தாளின் ஒரு முகத்தில் அருகருகே வரும் இரண்டு எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று அதிகமாக வர வேண்டும். 16 பக்கத்துக்குக் கூட்டுத்தொகை 17. முதல் தாளின் வெளிமுகத்தில் இடப்பக்கம் 16, வலப்பக்கம் 1. அதன் உள்முகத்தில் 2, 15. அடுத்த தாளில் 14, 3. பின்னால் 4, 13. இதை மூளைக்குள் வைத்துக்கொள்ள முயலாதீர்கள். நான்கு வெற்றுத் தாளை மடித்து, பென்சிலால் 1 முதல் 16 வரை எண் போட்டு, பிரித்துப் பாருங்கள். அந்த மாதிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஒட்டுங்கள்.

ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். நகல் இயந்திரம் தாளின் விளிம்பை முழுமையாக அச்சிடாது. ஓரம்வரை எழுதினால் கடைசி எழுத்துகள் காணாமல் போகும். நடுமடிப்பிலும் அதே அளவு இடம் வேண்டும்.

நீர்ப்பசை வேண்டாம். தாள் சுருங்கி, சுருக்கத்தின் நிழல் நகலில் விழும். பசைக்குச்சி போதும். ஒட்டிய துண்டுகளின் ஓரக்கோடு நகலில் கறுப்பாகத் தெரிந்தால், மூலத்தில் அந்த ஓரத்தின்மேல் திருத்த மையைத் தடவுங்கள். அந்தக் கோடு தெரிந்தாலும் அழகுதான் என்று நினைப்பவர்கள் உண்டு, நாங்களும் அந்தக் கட்சிதான்.

இருபுறம் நகலெடுக்கும்போது கடைக்காரரிடம் "குட்டை ஓரத்தில் திருப்புங்க" என்று சொல்லுங்கள். நீள ஓரத்தில் திருப்பினால் உள்பக்கங்கள் தலைகீழாக நிற்கும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்துப் புரட்டிப் பார்த்தபிறகே மீதியைச் சொல்லுங்கள். 100 பிரதிக்கு 400 தாள். ஒரு ரீம் 500 என்பதால் வீணாவதற்கும் மிச்சம் இருக்கும்.

சாதாரண ஸ்டேப்ளர் நடுமடிப்பை எட்டாது. கைநீளமான ஸ்டேப்ளர் கிடைக்காவிட்டால், சாதாரண ஸ்டேப்ளரை வாய்பிளந்து திறந்து, இதழை ஒரு கெட்டி அட்டைமேல் விரித்து, வெளிப்புறத்திலிருந்து நடுமடிப்பில் குத்துங்கள். அட்டையிலிருந்து மெல்லப் பெயர்த்து, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் இரு கால்களையும் கரண்டியின் பின்புறத்தால் மடக்குங்கள். விரலால் மடக்கினால் கிழிக்கும்.

படங்கள் கறுப்புத் திட்டாக வருகின்றன. ஏன்?

பளபளப்பான புகைப்படத்தில் சாம்பல் நிறத்தின் பல படிகள் இருக்கும். கறுப்பு-வெள்ளை நகல் இயந்திரம் அவற்றைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று இரண்டாகப் பிரித்துத் தள்ளிவிடுகிறது. செய்தித்தாளில் வரும் படம் புள்ளிகளால் ஆனது என்பதால் நன்றாக வரும். கணினியில் உங்கள் படத்தைப் புள்ளிப்படமாக மாற்றிக்கொள்ளலாம், அல்லது இயந்திரத்தில் படம் என்ற தெரிவைப் போட்டு அடர்த்தியைக் குறைக்கலாம். எப்போதும் மூலத்திலிருந்தே எடுங்கள். நகலிலிருந்து நகல் எடுத்தால் ஒவ்வொரு முறையும் நுண்ணிய எழுத்துகள் தேய்ந்துபோகும்.

சொந்தப் பெயரில் எழுதலாமா?

அந்த இதழ்களில் வன்முறை, கருக்கலைப்பு, வீட்டில் நடந்த கொடுமை எல்லாம் எழுதப்பட்டன. நிறையப் பேர் முதல்பெயரோ புனைபெயரோ மட்டும் போட்டார்கள், முகவரிக்கு அஞ்சல்பெட்டி எண் வைத்தார்கள். உங்கள் பெயரைப் போடுவது உங்கள் முடிவு. இன்னொருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதையோ திருநர் என்பதையோ அவர் சம்மதமில்லாமல் எழுதக்கூடாது. ஊர், கல்லூரி, வேலை மூன்றையும் சேர்த்துச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கூட்டத்தில் எடுத்த படத்துக்கும் இது பொருந்தும்.

வாசிக்கத் தெரியாமலே குழு தொடங்கலாமா?

தொடங்கினார்கள். கித்தாரின் தடித்த ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டத்தில் ஆள்காட்டி விரல், அடுத்த தந்தியில் ஐந்தாம் கட்டத்தில் மோதிர விரல். இரண்டு தந்தியை மட்டும் அடியுங்கள். அந்தக் கைவடிவத்தை மாற்றாமல் அப்படியே ஐந்தாம் கட்டத்துக்கு நகர்த்துங்கள், பிறகு எட்டாம் கட்டத்துக்கு. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கிடைத்துவிட்டது. டிரம்ஸில் ஒன்று, மூன்று எண்ணிக்கைக்குக் காலால் மிதித்து அடிக்கும் பெரிய முரசு. இரண்டு, நான்குக்கு ஸ்னேர் என்ற சிறு முரசு. வலக்கை ஹை-ஹேட் என்ற இரட்டைத் தாளத்தட்டில் எட்டுத் தட்டு. வழக்கமாகக் கெடுவது வேகம்: பாட்டு முடிவதற்குள் ஓட ஆரம்பித்துவிடும். டிரம்ஸ் வாசிப்பவர் எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லியபடி பழகினால் நிற்கும்.

இதில் அரசியல் இருக்கிறது. "முதலில் நன்றாகக் கற்றுக்கொள்" என்ற அறிவுரை பெண்களிடம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2001இல் போர்ட்லாந்தில் தொடங்கிய சிறுமிகளுக்கான ராக் முகாம் இதற்கு அருமையான பதில்: ஒரு வாரத்தில் சிறுமிகள் கருவி கற்று, குழு அமைத்து, பாட்டெழுதி, கடைசி நாளில் மேடையேறுகிறார்கள். பிறகு பல நாடுகளுக்கு அது பரவியது.

"பெண்கள் முன்னால் வாருங்கள்" என்று பிகினி கில் ஏன் சொன்னது? இன்று அதை எப்படிச் செய்வது?

முதல் காரணம் பாதுகாப்பு. மேடைக்கு முன் பெண்கள் நின்றால் மோதல் ஆட்டம் அங்கே நடக்காது, பாடுபவருக்கும் ஆபத்து குறையும். இரண்டாவது, பாட்டு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அதைக் கேட்க வேண்டும். ஹன்னா பாடல்வரித் தாள்களைப் பெண்களின் கையில் கொடுப்பார். மட்டமான ஒலிபெருக்கியில் சொல் புரியாது என்பதும் ஒரு காரணம். இதற்குச் சில ஆண்கள் ஆத்திரமடைந்தார்கள், மேடைமேல் பொருட்களை வீசினார்கள். இரவுக்கு இரவு அதைத் தாங்கிக்கொண்டுதான் அவர்கள் பாடினார்கள்.

செய்வதானால் முதல் பாட்டுக்கு முன்பே சொல்லுங்கள். நடுவில் சொன்னால் நெரிசலில் யாரும் நகர முடியாது. காரணத்தையும் ஒரே வரியில் சொல்லுங்கள். யாரையும் தோற்றத்தை வைத்துப் பெண், ஆண் என்று பிரிக்காதீர்கள். அப்படிப் பிரிக்கும்போது அடிபடுவது திருநங்கைகளும், இரண்டு பாலிலும் அடங்காதவர்களும்தான். "பெண்கள், திருநர், நெரிசலில் நசுங்குகிறவர்கள் முன்னால் வாங்க. உயரமானவங்க, கூட்டத்தில் சுலபமா இடம் கிடைக்கிறவங்க ரெண்டடி பின்னால போங்க" என்றால் மக்கள் தாங்களாகவே தங்கள் இடத்தை முடிவு செய்கிறார்கள்.

சிறிய நிகழ்ச்சி ஒன்றை எப்படி நடத்துவது?

அமெரிக்காவில் மது அருந்தும் வயது 21. மதுக்கூடத்தில் நிகழ்ச்சி வைத்தால் பெரும்பாலும் பதினாறு வயதுப் பெண் உள்ளே வர முடியாது. அதனால் தேவாலய அடித்தளம், சமூகக்கூடம், வீட்டு நிலவறை என்று எல்லா வயதினருக்குமான இடம் தேடினார்கள். தலைநகருக்கு அருகில் ஆர்லிங்டனில் பாசிட்டிவ் ஃபோர்ஸ் என்ற பங்க் செயற்பாட்டுக் குழுவின் வீட்டில் ரயட் கேர்ளின் வாராந்தரக் கூட்டங்கள் நடந்தன. இடம் தேர்ந்தெடுக்கும்போது படியில்லாமல் உள்ளே வர வழி, தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கழிவறை, இரண்டாவது வெளியேறும் கதவு மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள்.

கருவிகளைப் பகிருங்கள். இரண்டு கித்தார் ஆம்ப் (கருவியின் ஒலியைக் கூட்டும் பெட்டி), ஒரு பேஸ் ஆம்ப், ஒரு டிரம்ஸ் தொகுதி எல்லாக் குழுக்களுக்கும் போதும். ஸ்னேர், சிம்பல்கள், கால்மிதி இவற்றை மட்டும் ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் உடைவது அவைதான். குழு மாறும் நேரமும் இதனால் 30 நிமிடத்திலிருந்து 10 ஆகக் குறையும்.

80 பேர் கொள்ளும் அறையில் ஒலிபெருக்கி குரலுக்கு மட்டும் போதும். வழக்கமாக நடப்பது இது: கித்தார்காரர் ஒலியைக் கூட்டுவார், குரல் கேட்காது, குரலைக் கூட்டுவோம், மைக் கீச்சிடும். மருந்து கித்தாரைக் குறைப்பதுதான். ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். மைக்கின் உருண்டையைக் கையால் பொத்தவும் கூடாது. பொத்தினால் பின்பக்க ஒலியைத் தவிர்க்கும் திறனை மைக் இழந்துவிடும்.

வாசலில் காதுச்செருகிகளை வையுங்கள். 85 டெசிபல் ஒலியை 8 மணிநேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகத்தின் வரம்பு. பங்க் நிகழ்ச்சி இதைத் தாண்டும். நுரைச்செருகியை உருட்டி மெலிதாக்கி, காதுமடலை மேலே இழுத்து, செருகி, 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். சும்மா காதின் வாயிலில் வைத்தால் பயனில்லை.

நுழைவுக்கட்டணம் 5 முதல் 10 டாலர், இயலாதவரைத் திருப்பி அனுப்புவதில்லை என்று வாசலில் எழுதி வைப்பார்கள். ஒரு கணக்கு: 50 பேர், சராசரி 8 டாலர் என்றால் 400. வாடகை 100, ஒலி 50 போக 250. வெளியூரிலிருந்து வந்த குழுவுக்கு 150, உள்ளூர்க் குழுக்கள் இரண்டுக்கும் ஐம்பது ஐம்பது. கணக்கை அன்றிரவே எல்லோர் முன்னும் எண்ணுங்கள்.

நிகழ்ச்சியில் யாராவது தொந்தரவு செய்தால்?

அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. முன்பே இரண்டிரண்டு பேராகப் பொறுப்பாளர்களை நியமியுங்கள், அவர்கள் அன்று குடிக்கக்கூடாது, கையில் தெரியும்படி பட்டை கட்டியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரை ஒரு ஜோடி அமைதியான இடத்துக்கு அழைத்துப்போய், "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேட்கட்டும். வீட்டுக்குப் போகவா, இங்கேயே இருக்கவா, போலீஸா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். உடனடி உயிராபத்து மட்டும் விதிவிலக்கு. தொந்தரவு செய்தவரிடம் வேறொரு ஜோடி பேசி, கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து, வெளியே அனுப்பட்டும். பணத்தைக் கையில் கொடுத்தால் வாக்குவாதம் சுருங்கும். நேரமும் நடந்ததும் எழுதி வைக்கப்பட வேண்டும்.

எங்கே கெடுகிறது தெரியுமா? தொந்தரவு செய்தவர் அமைப்பாளரின் நண்பராகவோ அன்று வாசிக்கும் குழுவில் ஒருவராகவோ இருக்கும்போது. "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்ற ஒரு சொல்லில் எல்லாம் மூடப்பட்டுவிடும். நண்பர்மேல் புகார் வந்தால் நண்பர் விலகிக்கொள்ள வேண்டும், குழுவாக இருந்தால் வாசிப்பு ரத்து என்று முன்கூட்டியே எழுதி, எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

ரயட் கேர்ள் இயக்கத்தினர் 1992இல் ஊடகங்களோடு பேச மறுத்தது சரியா?

நியூஸ்வீக் உள்ளிட்ட பெரிய பத்திரிகைகள் அந்த ஆண்டு எழுதியபோது உடையும் வயதும்தான் முன்னால் வந்தன, பேசிய விஷயம் பின்னால் போனது. அதனால் பேட்டி தருவதில்லை என்று பலர் முடிவு செய்தார்கள். கோபம் நியாயமானது. ஆனால் நகல் இதழ் எட்டாத சிற்றூர்ப் பெண்ணுக்கு அந்த மோசமான கட்டுரைதான் முதல் செய்தியாக இருந்தது. பேசாமல் விட்டதால் மற்றவர்கள் அவர்களுக்காகப் பேசினார்கள். இதில் இரு தரப்பையும் மதிக்கிறோம்.

ரயட் கேர்ளை வெள்ளைப் பெண்களின் இயக்கம் என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. அதை முதலில் சொன்னதும் உள்ளே இருந்தவர்கள்தான். கறுப்பினப் பதின்வயதுப் பெண்ணாக ராம்தாஷா பிக்சீம் தன் கங்க் இதழில் அந்தத் தனிமையை எழுதினார். 1997இல் மிமி தி நுயென் வெள்ளையரல்லாத பங்க் எழுத்தாளர்களைத் திரட்டி எவல்யூஷன் ஆஃப் எ ரேஸ் ரயட் என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். "நாம் எல்லோரும் சகோதரிகள்" என்ற பேச்சில் இனவெறி பற்றிய கேள்வி எப்படி அமுங்கிப்போகிறது என்பதை அதில் காணலாம். நியூயார்க்கில் தமார்-காலி, ஹனிசைல்ட் கோல்மன் உள்ளிட்ட கறுப்பினப் பெண்கள் சிஸ்டா கேர்ள் ரயட் என்று தங்கள் நிகழ்ச்சிகளைத் தாங்களே நடத்தினார்கள். லண்டனில் 2017இல் தொடங்கிய டிகாலனைஸ் ஃபெஸ்ட் இதே வழியில் வந்தது. ரயட் கேர்ளின் வரலாற்றை இவர்கள் இல்லாமல் சொல்வது அரைகுறை வரலாறு.

திருநருக்கு இதில் இடம் இருந்ததா?

மிச்சிகனில் 1976 முதல் 2015 வரை நடந்த பெண்கள் இசைவிழா, பிறப்பில் பெண்ணானவர்களுக்கே இடம் என்ற கொள்கையோடு திருநங்கைகளை விலக்கியது. ஹன்னாவின் பிற்காலக் குழு லே டிக்ர் அங்கே வாசித்தது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அந்த விமர்சனம் சரி என்பதே எங்கள் கருத்து. பிறகு திருநர் தாங்களே மேடையின் நடுவுக்கு வந்தார்கள். அகெய்ன்ஸ்ட் மீ குழுவின் லாரா ஜேன் கிரேஸ் 2012இல் தான் திருநங்கை என்று அறிவித்தார். ஒலிம்பியாவின் ஜி.எல்.ஓ.எஸ்.எஸ். குழு 2016இல் எபிடாஃப் என்ற இசைத்தட்டு நிறுவனம் தர முன்வந்த 50,000 டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்றது, அதே ஆண்டு கலைந்தது.

பழைய இதழ்களை எங்கே படிக்கலாம்? என்னிடம் சில இருந்தால் என்ன செய்ய?

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் ரயட் கேர்ள் தொகுப்பு இருக்கிறது, ஹன்னாவின் தாள்களும் அதில் உண்டு. பார்னார்டு கல்லூரி நூலகம் இதழ்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. மில்வாக்கியில் 2003இல் தொடங்கிய குயர் ஸீன் ஆர்கைவ் ப்ராஜெக்ட் ஏராளமான இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

உங்களிடம் இருப்பவற்றில் ஸ்டேப்பிள் துருப்பிடித்திருந்தால் மெல்ல எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்றுவிடும். நகல் மை பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொள்ளும், ஆகவே காகித உறையில் படுக்க வையுங்கள். ஸ்கேனரில் வருடும்போது அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்திக்குக் குறையாமல், கறுப்பு-வெள்ளையாக அல்லாமல் வண்ணத்தில் வருடுங்கள். ஒட்டுத்தாளின் மஞ்சளும் பேனாத் திருத்தங்களும் அப்போதுதான் தெரியும். இணையத்தில் ஏற்றுவதற்கு முன் எழுதியவரைத் தேடிக் கேளுங்கள். 100 பிரதி மட்டும் போகும் என்று நம்பிப் பதினேழு வயதில் எழுதியதை உலகமே படிக்க அவர் இன்று விரும்பாமல் இருக்கலாம். வேண்டாம் என்றால் ஏற்றாதீர்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் முழுப்பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு, கேட்டால் உடனே நீக்குவோம் என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.